வாசனை இல்லாத கிரீம்

ஜூன் 6

வானிலைக்காரிக்கு,

பூசணி நல்லாருக்கா. நீ முதல்ல தேடப்போறது இந்த வரியைத்தான்னு தெரியும், அதனால மேலயே போட்டுட்டேன். இனி நிதானமாப் படி.

வானிலை நிலையம் இருக்கற தீவுல போன் எடுக்காது, படகு கொண்டுவர்ற கடிதம்தான்னு நீ சொன்னப்ப எனக்கு அது பெருசாத் தெரியல. கடையில நாள் முழுக்க முடியும் வெட்டி வாயும் அடிக்கறவனுக்கு ஒரு பேப்பர் எந்த மூலைக்குன்னு நினைச்சேன். இப்ப உக்காந்தா பேனா நகரமாட்டேங்குது. நாற்காலில ஆள் இருந்தாத்தான் எனக்குப் பேச்சு வரும்போல. அதனால நீ என் சலூன் நாற்காலில துணி போத்திக்கிட்டு உக்காந்திருக்கறதா நினைச்சுக்கறேன். தலையை ஆட்டாதே.

அக்கா காலையில முதல் பஸ்ல வந்துடறா. நான் கடையைச் சாத்திட்டு வந்ததும் கிளம்பிடறா. பூசணி அவகிட்ட நல்லா ஒட்டிக்கிட்டா. பால் பவுடருக்கும் பழகிட்டா. முதல்ல புட்டியை நாக்கால தள்ளித் தள்ளிவிட்டா, அப்புறம் பசி ஜெயிச்சிடுச்சு. எட்டு மாசக் குழந்தைக்கு எவ்வளவு பிடிவாதம்னு அக்கா என்னைத்தான் பாக்கறா. சாயங்காலம் மட்டும் வாசல் பக்கமே கண்ணு. நீ டியூட்டி முடிஞ்சு வர்ற நேரம்.

ஒரு சின்ன விஷயம். தொடை இடுக்குல கொஞ்சம் சிவப்பா இருக்கு. டயப்பரோட ரப்பர் ஓரம் உரசற இடம். நீ வெச்சுட்டுப்போன கிரீம் தீந்துபோச்சு. ட்யூப் மேல எழுத்தெல்லாம் அழிஞ்சு பேரே தெரியல. நீ கவலைப்படாதே. இந்த ஊர்த் தாடையெல்லாம் என் கையில வளர்ந்தது. கத்தி பட்டுச் சிவந்த தோலை எவ்வளவு பாத்திருப்பேன். மருந்துக்கடையில ஒரு பேபி பவுடரும் ரோஜா வாசனைல ஒரு கிரீமும் வாங்கினேன். டப்பா மேல ஒரு குழந்தை சிரிச்சுக்கிட்டிருந்தது, நம்ம பூசணியும் அப்படிச் சிரிக்கட்டும்னுதான். போட்டதும் வீடே மணக்குது. அக்காவுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

இருந்தாலும் அந்தப் பழைய கிரீம் பேரை எழுது. அவசரமில்ல.

பூசணி அப்பா

*

ஜூன் 18

என்னங்க,

படகு இப்பத்தான் வந்து நிக்குது. பெட்டியெல்லாம் இறக்கி முடிக்கறவரைக்கும்தான் எனக்கு நேரம். அதுக்குள்ள இதை எழுதிக் கொடுத்துடணும். அதனால கொஞ்சல் கிடையாது, கோவிச்சுக்காதீங்க.

பவுடரை இன்னிக்கே தூக்கிப் போடுங்க. மடிப்புல போட்ட பவுடர் ஈரம் பட்டா உருண்டு உருண்டு உப்புத்தாள் மாதிரி உரசும். கொட்டறப்ப பறக்கறது அவ மூச்சுக்குள்ள போகும். ரோஜாவும் வேண்டாம். வாசனைக்குன்னு சேக்கற சரக்கு பிஞ்சுத் தோலுக்கு ஆகாது. உங்க கஸ்டமர் தாடையும் என் பொண்ணு தொடையும் ஒண்ணில்லை.

அந்தக் கிரீம் பேர் எனக்கும் மறந்துபோச்சு. பேர் முக்கியமில்ல. டப்பா மேல சிரிக்கற குழந்தையைப் பாக்காதீங்க, திருப்பி, பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் படிங்க. ஜிங்க் ஆக்சைடுன்னு இருக்கணும். வாசனை சேக்காததுன்னு இருக்கணும். வெள்ளையா, கெட்டியா, கையில ஒட்டினா லேசுல போகாது. அப்படி இருந்தாத்தான் ஈரத்தைத் தோல்ல படவிடாம தடுக்கும். வெதுவெதுப்பான தண்ணில பஞ்சை நனைச்சுத் துடைங்க. தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. அப்புறம் கொஞ்ச நேரம் ஒண்ணும் கட்டாம காத்தாடப் படுக்க விடுங்க. பாயை நனைப்பா, நனைக்கட்டும். கிரீமைத் தடவாதீங்க, பூசுங்க, சுவத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கற மாதிரி. அடுத்த தடவை மாத்தறப்ப பழைய பூச்சைச் சுரண்டாதீங்க. அழுக்கான மேல்பக்கத்தை மட்டும் எடுத்துட்டு அதுமேலயே பூசுங்க. டயப்பர் ஒரு அளவு பெருசா வாங்குங்க.

சிவப்புன்னா எந்தச் சிவப்பு? வெறுமனே சிவப்புன்னு எழுதினா நான் இங்க உக்காந்து எதைன்னு நினைக்கறது? எனக்குத் தெரிஞ்ச சிவப்பெல்லாம் ஒண்ணொண்ணா மனசுல வந்து போகுது.

படகுக்காரர் கூப்பிடறார். ஒண்ணு கேக்கணும். நான் கிளம்பின அன்னிக்குப் படகுத்துறைக்கு ஏன் வரல? கடையில கூட்டம்னு சொல்லாதீங்க. அன்னிக்குக் கடைக்கு லீவு.

பவுடர் வேண்டவே வேண்டாம்.

*

ஜூன் 22

வானிலைக்காரிக்கு,

பவுடரைத் தூக்கிப் போடப் போனேன். அக்கா டப்பாவைப் பிடுங்கிக்கிட்டா. "உன்னையே நான்தான்டா குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வளத்தேன். நீ என்ன வெந்தா போயிட்டே? உன் பொண்டாட்டி காத்தை அளக்கட்டும், குழந்தையை நான் பாத்துக்கறேன்"னா. நானும் பதிலுக்கு ஒரு வார்த்தை விட்டேன். அது என்னன்னு உனக்கு எழுத எனக்குக் கை வரல. மறுநாள் முதல் பஸ்ல அக்கா வரல. அதுக்கப்புறமும் வரல.

அதனால பூசணி இப்ப கடையில. கண்ணாடிக்குக் கீழ ஒரு பெரிய கூடைல மெத்தை போட்டு வெச்சிருக்கேன். முடி வெட்டிக்க வர்றவங்க எல்லாரும் குழந்தை டாக்டர் ஆயிட்டாங்க. ஒருத்தர் தேங்காய் எண்ணெய்ங்கறார். ஒருத்தர் பெட்ரோலியம் ஜெல்லிங்கறார். இன்னொருத்தர், "தாய்ப்பாலைத் தடவுங்க, அதுக்கு மிஞ்சின மருந்தே இல்லை"ன்னார். அவர் காதோரத்து முடியை மட்டும் கொஞ்சம் அதிகமாவே எடுத்துட்டேன்.

மருந்துக்கடைப் பொண்ணு டப்பாக்களை வரிசையா எடுத்து வெச்சா. பச்சை இலை படம் போட்டு 'இயற்கை'ன்னு ஒண்ணு. திருப்பிப் படிச்சா அதுலயும் வாசனை. 'மென்மையான சருமத்துக்கு'ன்னு இன்னொண்ணு. அது தண்ணி மாதிரி ஓடுது. ஒவ்வொண்ணா மோந்து பாத்தேன். வாசனையே இல்லாததைத் தேடி மோந்து பாக்கற ஆளை அந்தப் பொண்ணு இப்பத்தான் முதல் தடவையாப் பாக்கறா. கடைசியா, அடித்தட்டுல, படமே இல்லாத ஒரு டப்பா. திறந்தா சுண்ணாம்பேதான்.

வீட்டுக்கு வந்து பூசணியைத் தூக்கறப்பதான் உறைச்சுது. மணக்கறது நான். ஷேவ் பண்ணினப்புறம் அடிக்கற லோஷன் என் கையோட ஊறிப்போய்க் கிடக்கு. அதோட நான் அவளைத் துவட்டறது கடைத் துண்டால. கிருமி சாகணும்னு மருந்து போட்டு அலசற துண்டு. துவட்டறப்பல்லாம் ஒரு மாதிரி முனகுவா. குளுருதுன்னு நினைச்சேன். இப்ப முழங்கை வரைக்கும் வெறும் சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் அவளைத் தொடறேன். துண்டையும் மாத்திட்டேன்.

எந்தச் சிவப்புன்னு கேட்டே. கடையில முடிச்சாய நிறம் காட்டற அட்டை இருக்கில்ல, அதைப் பூசணி பக்கத்துல வெச்சுப் பொருத்திப் பாத்து, ரெண்டு துண்டு வெட்டி இதுல ஒட்டியிருக்கேன். மேல இருக்கறது போன வாரத்து நிறம், ஞாபகத்துல இருந்து எடுத்தது. கீழ இருக்கறது இன்னிக்கு. கீழதான் கொஞ்சம் தூக்கலா இருக்கு. வெளிச்சம் சரியில்லாமக்கூட இருக்கலாம்.

துறைக்கு ஏன் வரலைன்னு கேட்டதுக்கு அடுத்ததுல எழுதறேன். பூசணி முழிச்சுக்கிட்டா.

*

ஜூலை 5

என்னங்க,

படகு வரல. கடல் கொந்தளிச்சுக் கிடக்கு. எப்ப வரும்னு ஊருக்குச் சொல்லவேண்டிய ஆளே நான்தான். அதனால யார்கிட்டயாவது கேட்டு ஏமாந்துக்கக்கூட வழியில்ல. இந்த வாரம் வராது.

அனுப்ப முடியாதுன்னு தெரிஞ்சும் எழுதறேன்.

இங்க நாங்க மூணே பேர். நிலையத் தலைவர், ஜெனரேட்டர் பாக்கறவர், நான். என் அறைல ஒரு கட்டில், ஒரு ஜன்னல். ஜன்னல் கண்ணாடில உப்பு படிஞ்சுபோகுது, துடைக்கத் துடைக்கப் படியுது. காத்தளக்கற கருவி மாடில இருக்கு. இரும்பு ஏணில ஏறிப் பாத்துட்டு இறங்கறப்ப, கீழ எங்கயோ குழந்தை அழற மாதிரி கேக்கும். கடல் பறவைதான். எனக்குத் தெரியும். என் உடம்புக்குத் தெரியமாட்டேங்குது. பால் சுரந்து சட்டை நனைஞ்சுடுது. அறைக்கு ஓடிப்போய், பீச்சி, கை கழுவற தொட்டில விட்டுட்டுக் குழாயைத் திறக்கறேன். அப்ப முகத்தை வேற பக்கம் திருப்பிக்கறேன்.

நேத்து ஒரு காரியம் பண்ணிட்டேன். காலைத் தகவலை ரேடியோல வாசிச்சேன். காத்து வேகம், மழை, அலை உயரம், எல்லாம் முடிஞ்சுது. மூச்சுவிடாம அதே குரல்ல, "குழந்தையின் தொடைச் சிவப்பு எப்படி உள்ளது, வீட்டில் கேட்டுத் தெரிவிக்கவும்"னு வாசிச்சுட்டேன். அந்தப் பக்கம் கேட்டவங்க, "மறுபடி சொல்லவும்"னாங்க. மறுபடி சொன்னேன். உங்க கடை நம்பரையும் கொடுத்தேன்.

திரும்பினா தலைவர் கதவுகிட்ட நிக்கறார். சொந்த விஷயம் பேசக்கூடாதுன்னு அந்த ரேடியோ மேலயே எழுதி ஒட்டியிருக்கு. திட்டுவார்னு நின்னேன். "பதில் வந்தா எனக்கும் சொல்லு"ன்னுட்டுப் போயிட்டார்.

சாயங்காலம் பதில் வந்தது. "சிவப்பு குறைந்துவிட்டது. குழந்தை நலம்." தலைவர்கிட்ட சொன்னேன், தலையாட்டினார். நல்ல சேதிதான். ஆனா மனசு அடங்கமாட்டேங்குது. நீங்க இவ்வளவு சுருக்கமாப் பேசற ஆளே இல்லையே.

*

ஜூலை 8

வானிலைக்காரிக்கு,

முதல்ல உண்மை. ரேடியோல நான் சொல்லியனுப்பினது பொய்.

உங்க ஆபீஸ்லேருந்து போன் வந்தப்ப நாற்காலில இருந்தவர் முகத்துல பாதி சோப்பு, பாதி தாடி. "தீவுலேருந்து தொடைச் சிவப்பைப் பத்திக் கேக்கறாங்க சார்"னு அந்த ஆபீஸர் ரொம்ப மரியாதையாச் சொன்னார். கடையில எல்லாரும் என் வாயையே பாத்தாங்க. வெளியில காத்து கதவைப் பிடிச்சு ஆட்டுது. யாரும் கடலுக்குப் போகாதீங்கன்னு கடை ரேடியோல அப்பதான் வாசிச்சாங்க. அதை அளந்து அனுப்பினது யாருன்னு நான் கடையில எல்லார்கிட்டயும் பெருமையடிச்சு முடிச்சிருந்தேன். அந்தக் காத்துல நீ ஏணில ஏறி இறங்கறே. உன்கிட்ட எப்படிச் சொல்றது? சிவப்பு கூடிப்போச்சு, அதைச் சுத்திப் புள்ளி புள்ளியாக் கிளம்பியிருக்கு, காலை விரிச்சாலே வீறிடறான்னு? கேட்டாலும் உன்னால வர முடியாது. குறைஞ்சிடுச்சுன்னுட்டேன். போனை வெச்சதும் சோப்பு முகத்துக்காரர், "தப்பு பண்ணிட்டே தம்பி"ன்னார்.

இன்னொருத்தர் தன் அரிப்புக்குப் போடற ட்யூப்பை எடுத்து நீட்டினார். "ஒரே நாள்ல மாயமா மறைஞ்சிடும்"னு சத்தியம் பண்ணாத குறை. விரல்ல எடுத்துட்டேன்கூட. டப்பாவைத் திருப்பிப் படின்னு நீ எழுதினது ஞாபகம் வந்தது. திருப்பினேன். படிச்சேன். ஒண்ணும் புரியல. புரியாததை அவமேல போடவேண்டாம்னு கையைக் கழுவிட்டு, அந்தச் சோப்பு முகத்தைப் பாதியிலயே விட்டுட்டு, பூசணியைத் தூக்கிக்கிட்டு டாக்டர்கிட்ட ஓடினேன்.

டாக்டரம்மா பாத்ததுமே சொல்லிட்டாங்க. "இது வெறும் உரசல் இல்லைங்க, பூஞ்சை. சூடும் ஈரமும் தங்கற மடிப்புல வளரும். நீங்க போடற கிரீம் நல்ல கிரீம்தான், அது மட்டும் போதாது. இந்த மருந்தை மெல்லிசாத் தடவி, அது காஞ்சதும் மேல உங்க வெள்ளையைப் பூசுங்க"ன்னாங்க. அரிப்பு ட்யூப்பைக் காட்டினேன். "இதைப் போட்டிருந்தா மேலாக்க மறைஞ்ச மாதிரி தெரியும், உள்ளுக்குள்ள பெருகியிருக்கும்"னாங்க.

மருந்து போட ஆரம்பிச்சாச்சு. இன்னிக்கு அழுகை குறைவு. இது பொய் இல்லை.

துறைக்கு ஏன் வரலைன்னு கேட்டே. வந்திருந்தா போகாதேன்னு சொல்லியிருப்பேன். நான் சொல்லியிருந்தா நீ போயிருக்கமாட்டே. இந்த வேலைக்காக நீ வயித்துல அவளைச் சுமந்துக்கிட்டுப் படிச்சதை நான்தானே பாத்தேன். அதனால பூசணியைத் தோள்ல போட்டுக்கிட்டு மொட்டைமாடில நின்னேன். படகு தெரியல. அதோட புகை மட்டும் தெரிஞ்சுது.

*

ஜூலை 19

என்னங்க,

உங்க ரெண்டு கடிதமும் ஒரே படகுல வந்தது. அவசரத்துல பின்னாடி எழுதினதை முதல்ல பிரிச்சுட்டேன்.

முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். பெத்த பூசணியையே மறைச்ச ஆள் நீங்கதான். கோவமா எழுதணும்னு உக்காந்தேன், இந்த வரியை எழுதிட்டுச் சிரிப்பு வந்துடுச்சு. ஆனா கோவம் கோவம்தான். என் வேலையே வர்ற புயலை வருதுன்னு சொல்றது. கேக்கறவங்க பயந்துடுவாங்களேன்னு நான் ஒருநாளும் குறைச்சுச் சொன்னதில்லை. எனக்கும் யாரும் குறைச்சுச் சொல்லக் கூடாது. தூரத்துல இருக்கறவளுக்கு மிச்சம் இருக்கறது உண்மை ஒண்ணுதான். அதையும் எடுத்துக்காதீங்க.

அட்டைத் துண்டு ரெண்டையும் கட்டிலுக்கு மேல ஒட்டியிருக்கேன். தலைவர் வந்து பாத்துட்டு, "கீழ இருக்கற சிவப்பு நல்லதுக்கில்லையே"ன்னார். அவருக்கு ரெண்டு பேரப்பிள்ளைங்களாம். இத்தனை நாள்ல வாயைத் திறந்து சொன்னதே இல்லை. டாக்டர் என்ன சொன்னாங்கன்னு வாசிச்சுக் காட்டினேன். நின்னு கேட்டார்.

புள்ளி மறைஞ்சதும் மருந்தை நிறுத்திடாதீங்க. டாக்டர் சொன்னவரைக்கும் போடுங்க.

அக்காகிட்ட நீங்களே நேர்ல போய்ப் பேசுங்க. என்ன வார்த்தை விட்டீங்கன்னு நீங்க எழுதலைன்னாலும் எனக்குத் தெரியும். பிள்ளை பெத்தவளா நீன்னு கேட்டிருப்பீங்க. அதைப் படகு வெச்சாலும் திருப்பி ஏத்திக்கிட்டு வர முடியாது. ஆனா போய் வாசல்ல நிக்கலாம்.

மொட்டைமாடில நின்னதாப் படிச்சேன். நான் அன்னிக்குப் படகுல பின்பக்கமா நின்னு ஊரையே பாத்துக்கிட்டு இருந்தேன். அங்கேருந்து எல்லா மாடியும் ஒண்ணுபோலத்தான் இருந்தது.

*

ஆகஸ்ட் 16

வானிலைக்காரிக்கு,

இந்தத் தடவை அட்டையில வெட்டி ஒட்ட ஒண்ணும் இல்லை. தொடை அதோட சொந்த நிறத்துக்கு வந்துடுச்சு. ரெண்டு தடவை டாக்டர்கிட்டக் காட்டி நிச்சயம் பண்ணிக்கிட்டுத்தான் எழுதறேன். மருந்து நிறுத்தியாச்சு. இப்ப வெதுவெதுத் தண்ணி, பஞ்சு, கொஞ்சம் காத்து, வெள்ளைக் கிரீம், அவ்வளவுதான். டயப்பர்ல மூணு நாலு வகை வாங்கிப் பாத்துட்டு, ஓரம் தோலை அழுத்தாத ஒண்ணைப் பிடிச்சுட்டேன். கழட்டினா தொடையில கோடு விழக்கூடாது, அதான் என் கணக்கு.

அக்கா வீட்டுக்குப் போனேன். பூசணியை இடுப்புல வெச்சுக்கிட்டு வாசல்ல நின்னேன். கதவைத் திறந்தா. என்னைப் பாக்கல. குழந்தையை வாங்கிக்கிட்டு உள்ள போய்ப் படுக்க வெச்சு முதல்ல டயப்பரைத்தான் பிரிச்சா. அப்ப முழுசா ஆறல, தடிப்பா இருந்தது.

"பவுடராலயாடா?"ன்னா.

"பவுடர் பாதி, என் கடைத் துண்டு பாதி."

"எனக்குத் தெரியாதுடா. நல்லதுன்னுதான் போட்டேன்."

"நானும் நல்லதுன்னுதான் வாங்கினேன்க்கா. அன்னிக்குச் சொன்னது..."

"அதைப் பேசாதே. பேசினா மறுபடி கேக்கும்"னுட்டா.

மறுநாள் முதல் பஸ்ல வந்து நின்னா. பழைய பருத்திப் போர்வைங்களைக் கிழிச்சுச் சின்னச் சின்னத் துணியா மடிச்சு, வெறும் தண்ணில அலசிக் காயப்போட்டு ஒரு பை நிறையக் கொண்டு வந்திருந்தா. பகல்ல டயப்பர் கிடையாது, இந்தத் துணிதான்னு அவளே சட்டம் போட்டுட்டா. இப்ப மருந்துக்கடைக்குப் போனா, "வாசனை கீசனை உண்டா இதுல?"ன்னு அந்தப் பொண்ணை அதட்டறது அக்காதான்.

இனி எழுதறதை எழுதலாமா வேண்டாமான்னு கொஞ்சம் யோசிச்சேன். நீதான் புயலைக் குறைச்சுச் சொல்லாதேன்னே.

போன வாரம் பூசணி பேசிட்டா. அக்கா துணி மாத்திக்கிட்டு இருந்தா. இவ அவளைப் பாத்துக் கையை நீட்டி, "ம்மா"ன்னா. தெளிவாத்தான் சொன்னா. அக்கா கையில இருந்த துணி கீழ விழுந்துடுச்சு. "அத்தைடி. நான் அத்தை. உங்கம்மா காத்தளக்கப் போயிருக்கா"ன்னு சொல்லிட்டு எழுந்து சமையலறைக்குப் போயிட்டா. ரொம்ப நேரம் குழாய் ஓடற சத்தம் கேட்டுது. நான் உள்ள போகல.

*

செப்டம்பர் 2

என்னங்க,

மறைக்காம எழுதினீங்க. நல்லது.

அக்கா மேல எனக்கு வருத்தமில்லை. அந்தச் சொல் முதல்ல அவங்க காதுல விழுந்திருந்தா, அது அவங்களுக்கே இருக்கட்டும். இதை எழுதிட்டேன். எழுதினதை அடிச்சுடாம இருக்கறதுக்குத்தான் பேனாவைக் கீழ வெச்சுட்டு எழுந்து போகவேண்டியிருந்தது.

பால் நின்னுபோச்சு. பறவை கத்துது, சட்டை காஞ்சே இருக்கு. நின்னா தொல்லை விட்டுதுன்னு இருக்கும்னு நினைச்சிருந்தேன்.

ஒரு சேதி. எனக்கு அடுத்து வரவேண்டியவர் வரலையாம். இன்னும் ஆறு மாசம் நானே இருந்தா வேலையை நிரந்தரமாக்கறோம்னு ஆபீஸ் கேக்குது. இல்லைன்னா கரைல இருக்கற ஆபீஸ்ல தற்காலிகமா ஒரு இடம். இங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு, அதையும் உங்ககிட்ட மறைக்கல. அன்னிக்கு அந்தப் புயல்ல ஒரு படகும் கரையை விட்டுப் போகலைன்னு கேட்டப்ப என்னவோ நானே ஒவ்வொண்ணையும் இழுத்துக் கட்டின மாதிரி இருந்தது.

உங்க மனசுல என்ன இருக்குன்னு எழுதுங்க. "உன் இஷ்டம்"னு மட்டும் எழுதாதீங்க.

*

செப்டம்பர் 12

வானிலைக்காரிக்கு,

உன் இஷ்டம்னுதான் முதல்ல ஒரு பக்கம் எழுதினேன். நீ வேண்டாம்னு சொன்னதையும் மீறித்தான். நீ பெரிய ஆளா வரணும், நான் குறுக்க நிக்கமாட்டேன், அப்படி இப்படின்னு. துணி மடிச்சுக்கிட்டு இருந்த அக்கா, என்னடா மூஞ்சியை இப்படி வெச்சுக்கிட்டு எழுதறேன்னு வாங்கிப் படிச்சா. "இது பெருந்தன்மை இல்லடா, பயம். ஆசையைச் சொல்லி அவ மறுத்துட்டா என்ன பண்றதுங்கற பயம்"னு என் கையிலயே திருப்பிக் கொடுத்துட்டா.

அதனால, வா.

பூசணிக்காக வான்னு சொல்லல. அவ நல்லாருக்கா. நீ இருந்துதான் ஆகணும்னா இரு, இங்க சமாளிக்க முடியும்னு இப்ப எனக்கே தெரியும். ஆனா நீ கேட்டது என் மனசை. நாள் முழுக்க நாற்காலில உக்கார்றவங்ககிட்ட பேசித் தீக்கறேன். கடையைச் சாத்திட்டு வீட்டுக்குள்ள நுழையறப்ப ஒரு பேச்சு பாக்கி நிக்குது. அது உன்கிட்ட மட்டும் பேசவேண்டிய பேச்சு. பேப்பர்ல எழுதினா பாதிதான் வருது. அன்னிக்குத் துறைல சொல்லக் கூடாதுன்னு இருந்ததை இப்ப சொல்றேன்.

வா.

*

அக்டோபர் 3

என்னங்க,

இந்தக் கடிதமும் நானும் ஒரே படகுல வர்றோம். பையில போடுங்கன்னு படகுக்காரர்கிட்டக் கொடுத்தேன். "நீயே கையில கொடுத்துடேன்மா"ன்னு சிரிக்கறார். அவருக்கு என்ன தெரியும். இதை வாயால சொல்ல ஆரம்பிச்சா ரெண்டாவது வரிக்கு மேல எனக்குக் குரல் வராது. அதனால துறைல இதை உங்ககிட்டக் கொடுக்கறேன். வீட்டுக்கு வர்ற வழியிலயே படிச்சுடுங்க.

உங்க கடிதம் வர்றதுக்கு முன்னாடியே இருக்க முடியாதுன்னு ரேடியோல சொல்லிட்டேன். அதனால நீங்க கூப்பிட்டு வந்ததா யார்கிட்டயும் பெருமையடிக்காதீங்க. ஆனா அந்த ஒரு எழுத்தை நான் எவ்வளவு நேரம் பாத்துக்கிட்டு இருந்தேன்னு சொன்னா உங்க கடை நாற்காலிக்கே வெக்கம் வந்துடும். ஏணியை விட்டு வர்றது வலிக்கத்தான் செய்யுது. கரை ஆபீஸ்லயும் காத்து இருக்கும், பாத்துக்கலாம். கிளம்பறப்ப தலைவர் கை கொடுத்தார். அட்டைத் துண்டை விட்டுட்டுப் போறியான்னு கேட்டார். எடுத்துக்கிட்டேன்.

சொல்ல வந்தது இதுதான். பூசணிக்கு என்னை அடையாளம் தெரியாது. தெரியும், ரத்தம் சொல்லும்னு நீங்களும் அக்காவும் சொல்வீங்க. வேண்டாம். ஏமாறணும்னா நான் தனியாவே ஏமாந்துக்கறேன். "இதோ பாரு அம்மா"ன்னு என் கையில அவளைத் திணிக்காதீங்க. அக்கா இடுப்புலயே இருக்கட்டும். அக்காகிட்ட சொல்லுங்க, நான் எதையும் பறிக்க வரல, அவங்க காலையில முதல் பஸ்ல வந்துக்கிட்டேதான் இருக்கணும். வீட்டுக்கு வந்த யாரோ ஒருத்தி மாதிரி நான் ஒரு ஓரமா உக்காந்துக்கறேன். அவ என்னைப் பாக்கட்டும். பயந்து முகத்தைப் புதைச்சுக்கட்டும். நான் முகம் மாறமாட்டேன், பழகி வெச்சிருக்கேன்.

துணி நனைஞ்சதும் மட்டும் என்னைக் கூப்பிடுங்க.

கையைக் கழுவிட்டு வர்றேன். எல்லாத்தையும் நான் இங்கேருந்து எழுதினேனே தவிர, அந்தப் புண் வந்த இடத்தையும் ஆறின இடத்தையும் கண்ணால பாத்ததில்லை. நீங்க பக்கத்துல உக்காந்து காட்டுங்க. எவ்வளவு கிரீம் எடுக்கணும், அவ எந்தக் காலை முதல்ல உதைப்பா, எப்ப புரண்டு ஓடப் பாப்பா, இதெல்லாம் இப்ப உங்களுக்குத்தான் தெரியும், நான் கத்துக்கறேன். அழுதா நிறுத்திட்டு உங்ககிட்டக் கொடுத்துடறேன். அடுத்த தடவை நனைஞ்சா மறுபடி நான். அதுக்கடுத்த தடவையும் நான்.

அம்மான்னு அவளுக்கு இப்பவே தெரிய வேண்டாம். ஈரத்தை மாத்தற ஆள்னு தெரிஞ்சா போதும். ஈரமானா தேடுவா இல்ல? தேடட்டும்.